எட்டாவது வாக்கியம்

சொந்தக்காரர்கள் யாராவது "எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால் சாட்சியக்கா "ஒரு லேப்ல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் மூடி ஒட்டி அனுப்புவது லேபுக்குத்தான் போகிறது. ஆனால் வேலை இன்னதென்று உள்ளபடி சொன்னால் கேட்டவர் முகம் போகிற போக்கைப் பதினோரு வருஷமாகப் பார்த்து அலுத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற மனுஷன். நாலு பேர் கூடினால் வாய் சும்மா இருக்காது. "அடுத்தவங்க ஒண்ணுக்குப் போறதை நின்னு பாக்கணும், பாத்தேன்னு கையெழுத்துப் போடணும். அதான் இவ உத்தியோகம். கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சாட்சியக்காவும் சிரித்து வைப்பாள்.

சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் விஷயம். டாக்டர்களிலும் நர்ஸுகளிலும் சிலர், நோயாளிக்கு வைத்திருக்கிற மருந்தைத் தங்களுக்கே போட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டால் லைசென்ஸ் போய்விடும். திரும்ப வேண்டும் என்றால் கண்காணிப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு ஐந்து வருஷம் சுத்தமாக இருந்து காட்ட வேண்டும். இருக்கிறேன் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? பெயர் பதிவேட்டோடு சரி, மற்றபடி ஆளுக்கு ஒரு நிறமும் ஒரு எண்ணும் கொடுப்பார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நம்பருக்குப் போன் போட வேண்டும். பதிவு செய்து வைத்த ஒரு குரல் அன்றைய நிறங்களைச் சொல்லும். தன் நிறம் வந்துவிட்டால் போட்டது போட்டபடி கிளம்பி, மதியம் இரண்டு மணிக்குள் அலுவலகத்துக்கு வந்து, சாட்சியின் கண் முன்னால் சாம்பிள் கொடுக்க வேண்டும். வராவிட்டால் தோல்வி. வந்தும் கொடுக்க முடியாமல் போனால் அதுவும் தோல்வி. பெண்கள் பக்கத்துக்குச் சாட்சி இவள் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பெயர். பியூனிலிருந்து மேலதிகாரி வரை எல்லாருக்கும் அவள் சாட்சியக்கா.

மேலதிகாரிக்கும் ஒரு பெயர் உண்டு. ரூல்தடி. ஆள் நெட்டையாக, நேராக இருப்பார். சட்டத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதுவே ஒரு பயம்.

அறை சின்னது. ஒரு கழிப்பறை, ஒரு கை கழுவும் தொட்டி, தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி. சாம்பிளில் தண்ணீரைக் கலந்துவிடக் கூடாது என்று கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம் விட்டிருப்பார்கள். குழாயின் திருகு வெளியே, சாட்சியக்காவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. சுவரில் ஓர் அட்டை. அதில் ஏழு வாக்கியங்கள். "பைகளைக் காலி செய்யுங்கள்" என்பது முதலாவது. "கைகளைக் காட்டுங்கள்", "கோட்டுக்கு மேல் நிரப்புங்கள்" என்று போய், "இங்கே கையெழுத்திடுங்கள்" என்று ஏழாவதில் முடியும். சாட்சி பேசலாம் என்றால் இந்த ஏழைத்தான் பேசலாம். எட்டாவதாக ஒரு வார்த்தை கூடாது. வருகிறவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், குடும்பக் கதை சொல்வார்கள். சாட்சி காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி நிற்க வேண்டும். கடைசியில் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: "இடைவிடாமல் பார்த்தேன்." அதன் கீழே கையெழுத்து.

இடைவிடாமலாவது! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கலாம்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு பெண்பிள்ளை. தன் வயசு, தன் தங்கை வயசு. நிறையப் படித்தவள். நேற்றுவரை பத்துப் பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்ன டாக்டரம்மாவாகக்கூட இருக்கலாம். அவள் தலையைக் குனிந்துகொள்ளும்போது ஒரு நொடி, இரண்டு நொடி, சாட்சியக்காவின் கண் தானாகக் கூரைக்குப் போய்விட்டு வரும். அது அவள் நினைத்துச் செய்வதில்லை. குளிக்கிற இடத்தில் தெரியாமல் நுழைந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அந்த மாதிரி.

பச்சை பதினேழு அவளிடம் வந்து நாலு வருஷம் பத்து மாசம் ஆகிறது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். முதுகு வலிக்கு என்று ஆரம்பித்தது. ஊசி மருந்தில் நோயாளிக்குப் போக மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொட்டுவதைப் பக்கத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தியேட்டர் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? "கொட்டிட்டியா? சரி" என்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த மிச்சம் பச்சையின் பைக்குப் போனது, அங்கிருந்து அவள் தொடைக்குள் போனது. முதல் நாள் அவள் வந்தபோது தொடை இரண்டும் கன்னிப்போய், கறுப்பும் ஊதாவுமாக, ஒரு விரல் வைக்கக்கூட நல்ல இடம் இல்லாமல் இருந்ததைச் சாட்சியக்கா பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தொடை ஆறியதையும் அவள்தான் பார்த்தாள். மாசம் மூன்று தடவை, நாலு தடவை. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, இரண்டாவது வருஷம் முடிவதற்குள் தோல் தோலாக வந்துவிட்டது. லேப் காகிதத்தில் "இல்லை" என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். ஒரு மனுஷி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதை உலகத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. கட்டியவன் பார்க்கவில்லை, அவன் முதல் வருஷமே கிளம்பிப் போய்விட்டான். பார்த்தது சாட்சியக்கா ஒருத்தி. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச அவளுக்கு அனுமதி இல்லை.

பச்சை பேசுவாள். கை கழுவும்போது கண்ணாடியைப் பார்த்துப் பேசுவாள். "என் பொண்ணுதான் ஆறு மணிக்கு அலாரம் வைக்கறா. போனை சத்தமா வெச்சு ரெண்டு பேரும் கேப்போம். பச்சை வரலைன்னா அவ கைதட்டுவா." இன்னொரு நாள், "ரெக்கார்டு ரூம்ல போட்டிருக்காங்க. மருந்து வாசனையே இல்லாத இடம். ஃபைல் அடுக்கறேன். தியேட்டர்ல கத்தரிக்கோல் நீட்டின கை இது." அப்புறம் ஒருநாள், "லைசென்ஸ் வந்த அன்னிக்குப் பொண்ணை யூனிஃபார்மைத் தேய்ச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேன்." சாட்சியக்கா ஏழாவது வாக்கியத்தைச் சொல்வாள். ஒரே ஒரு தடவை, அந்தப் பெண்ணுக்கு விடாமல் காய்ச்சல் என்று பச்சை சொல்லிவிட்டுப் போன அடுத்த முறை, "இப்போ எப்படி இருக்கா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். பச்சை திரும்பிப் பார்த்து, "தேவலை" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இன்னும் இரண்டே மாசம் என்றிருந்தபோது வந்தது வினை. முடிவு நெருங்க நெருங்கப் பச்சைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தப்பு செய்து பிடிபடுகிற பயம் அல்ல. தப்பே செய்யாமல் எதிலாவது சறுக்கிவிடுவோமோ என்கிற பயம். அந்தப் பயம் நேராக அடிவயிற்றுக்குப் போய் உட்கார்ந்தது. ஒருநாள் காலை பதினொன்றுக்கு வந்தவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. வெளியே போய் உட்கார்ந்தாள், மறுபடி வந்தாள், வரவில்லை. மணி ஒன்று. ஒன்றரை. ஒன்றே முக்கால். "வரமாட்டேங்குதே, வரமாட்டேங்குதே" என்று முனகிக்கொண்டிருந்தாள். சாட்சியக்கா கூரையைப் பார்த்தாள். அன்றைக்கு ஒரு நொடி இரண்டு நொடி அல்ல, அரை நிமிஷம் இருக்கும். கூரையில் ஒரு பல்லி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே சத்தம் கேட்டது. மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

பச்சை கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் சாட்சியக்கா பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தவறிய வாயை இந்தத் தடவை தெரிந்தே திறந்தாள்.

"காலைல நிறம் வந்த உடனே தண்ணி குடிக்க ஆரம்பிச்சிடுங்க. நல்லா குடிச்சிட்டு வாங்க."

அதுதான் எட்டாவது வாக்கியம். அதில் என்ன தப்பு? வீட்டுக்கு வருகிறவரிடம் "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்பதில்லையா?

ஒன்பது நாள் கழித்துப் போனில் பச்சை நிறம் வந்தது. காலை ஆறே கால் மணியிலிருந்து அவள் குடித்திருக்கிறாள். வீட்டில் இரண்டு சொம்பு, பஸ்ஸில் ஒரு பெரிய பாட்டில், இறங்கி இன்னொரு பாட்டில். எட்டரைக்கெல்லாம் வந்து, கோப்பையைக் கோட்டுக்கு மேல் நிரப்பி, சாட்சியக்காவைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த அறையில் சிரித்தது அன்றைக்குத்தான். சாம்பிள் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அது சாட்சியக்காவின் கண்ணிலும் பட்டது. "நல்லா குடிச்சிருக்கா" என்று நினைத்துக்கொண்டு சீல் ஒட்டினாள். எடுக்கிற வேலைதான் அவளுடையது, அளக்கிறது லேப். பதினோரு வருஷம் சட்டியைக் கழுவிக் கொடுத்தவளுக்குச் சமையல் தெரியும் என்று சொல்ல முடியுமா?

அடுத்த வாரம் ரூல்தடி கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு காகிதம்.

"பச்சை பதினேழு. சாம்பிள் நீர்த்துப்போயிருக்கு. மருந்தை மறைக்கணும்னா தண்ணியா குடிச்சிட்டு வருவாங்க, அதனால நீர்த்த சாம்பிள்னாலே சந்தேகம்தான். ரெண்டாவது வருஷம் வெயில் நாள்ல ஒண்ணு இப்படி வந்திருக்கு. இது ரெண்டாவது. ரெண்டு வந்தா தோல்வி, விதி அப்படி. லைசென்ஸ் விஷயத்தை முடிவு பண்ற குழுவுக்குப் போகுது. எடுக்கும்போது எல்லாம் ஒழுங்கா நடந்ததுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

சாட்சியக்கா பேனாவை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள். "சார், அது... நான்தான் சார் தண்ணி குடிச்சிட்டு வரச் சொன்னேன்."

ரூல்தடி நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்குக் காது சரியா கேக்கலை அக்கா. கையெழுத்தைப் போட்டுட்டுப் போய் வேலையைப் பாருங்க."

சட்டத்தைத் தவிர வேறொன்றும் பேசாத மனுஷன் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "இந்த ஆளுக்கு என்ன, கல்லு" என்று நினைத்தாள். தன்னால் ஒருத்தி வாழ்க்கை குட்டிச்சுவர் ஆகிறது, தான் போய் உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினாள். வீட்டுக்காரர்கூட அன்றைக்கு விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டு, "இரு. ரெண்டு நாள் பொறு. அந்தாளு ஏதோ சொல்ல வரார்" என்றார். டயர் மாற்றுகிறவர் சொன்னால் கேட்பாளா?

குழு கூடுகிற அறையில் நீள மேஜை. மூன்று பேர். நடுவில் தலைவி, ஓய்வு பெற்ற பெண் டாக்டர். வெள்ளை முடியை இழுத்துக் கட்டியிருந்தார். கையில் பென்சில். ரூல்தடி ஓரமாக உட்கார்ந்து சாட்சியக்காவைப் பார்க்காமல் இருந்தார். பச்சை வெளியே பெஞ்சில் இருந்தாள். அவள் முறை அடுத்து.

சாட்சியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வராமல் தவித்தது, பயம், தண்ணீர். "தப்பு என்னோடதுங்க. அவங்க சுத்தமானவங்க. என் கண்ணால பாத்திருக்கேன்."

தலைவி குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல விதமாகத்தான் கேட்டார். அப்புறம், "இதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசினதுண்டா?" என்றார்.

"ஒரே ஒரு தடவைங்க. பொண்ணுக்குக் காய்ச்சல்னாங்க. எப்படி இருக்குன்னு கேட்டேன்."

பென்சில் ஓடியது. "சாம்பிள் வராம கஷ்டப்பட்டாங்கன்னு சொன்னீங்களே, அன்னிக்கு. கடைசில எப்படி வந்தது?"

உண்மையைச் சொல்ல வந்தவளுக்கு எதை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஓர் இழையை இழுத்தால் மொத்தமும் கையோடு வருகிற பின்னல் மாதிரி. "நான் கொஞ்சம் மேலே பாத்தேங்க. நான் பாத்துட்டே இருந்தா வராதுன்னு தோணிச்சு."

"எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம்."

"மத்த நாள்ல?"

"அப்பப்போ... ஒரு நொடிங்க. அவங்களும் மனுஷங்கதானே."

ரூல்தடி கண்ணை மூடிக்கொண்டார். தலைவி படிவம் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "இதுல என்ன எழுதியிருக்கு, படிங்கம்மா."

"இடைவிடாமல் பார்த்தேன்."

"கீழே?"

"என் கையெழுத்து."

"அந்த நர்ஸ் எப்படி மருந்து எடுத்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? கொட்டறதைப் பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டாங்க பக்கத்துல இருந்தவங்க. எல்லாரும் நல்லவங்க. எல்லாரும் மனுஷங்க." தலைவியின் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "நான் இங்க உக்காந்து ஒருத்தர் கையெழுத்தை மட்டும்தான் நம்ப முடியும். வேற என்ன இருக்கு எனக்கு?"

சாட்சியக்கா படிவத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"இன்னொரு கேள்வி. மத்த பெண்கள் விஷயத்துலயும் இப்படித்தானா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுபது எண்பது பெண்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஊதா. ஒருத்திக்கு அடுத்த மாசம் முடிகிறது. அவர்கள் எல்லாருடைய வருஷங்களும் தன் நாக்கு நுனியில் இருப்பது தெரிந்தது.

"இல்லைங்க," என்றாள். "இவங்க ஒருத்தர்தான்."

பொய். மூன்று பேரும் உடனே நம்பினார்கள். தலைவி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இத்தனை சுலபமாக நம்புவார்களா? இப்படி ஒரு பொய்யைப் பத்து நிமிஷம் முன்னால் சொல்ல ஏன் தோன்றவில்லை?

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. பச்சை பதினேழு விஷயத்தில் இந்தச் சாட்சி கையெழுத்திட்ட இருநூற்று இரண்டு சாம்பிள்களும் எடுக்கப்படாதவையாகக் கருதப்படும். சாட்சி விடுப்பில் இருந்தபோது வேறொருத்தி எடுத்த ஒன்பது மட்டும் செல்லும். ஒன்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலிலிருந்து ஐந்து வருஷம். சாட்சிக்கு அன்றோடு வேலை இல்லை.

மேஜைச் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ரூல்தடி வாசல்வரை கூட வந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஆறு மாசம் நீட்டிப்பு. அவ்வளவுதான் குடுத்திருப்பாங்க," என்றார். "விதில தோல்வின்னு இருந்தாலும், இத்தனை வருஷம் சுத்தம்னா ஆறு மாசத்தோட விட்டுடுவாங்க. நான் குறிப்புல அப்படித்தான் எழுதி வெச்சிருந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"குழுவுக்குப் போற குறிப்பை வெளில சொல்லக் கூடாது அக்கா. அது விதி." சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்ட மாதிரி உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்காரர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்லது பண்ணப் போனே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம் சாட்சியக்காவுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. காலை ஆறு மணிக்கு அந்த நம்பருக்குப் போன் போடுவாள். யார் வேண்டுமானாலும் போடலாம், குரல் எல்லாருக்கும் ஒன்றுதான். முதல் நாள் மஞ்சள், ஊதா. மறுநாள் சிவப்பு. நாலாம் நாள் பச்சை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அலுவலகத்துக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது, தகரக் கூரையும் ஒரு சிமெண்ட் பெஞ்சும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்த்தாள். பத்து மணி, பதினொன்று. தெரிந்த முகங்கள் குனிந்த தலையோடு போயின, வந்தன. பன்னிரண்டரைக்குப் பச்சை வந்தாள்.

வந்துவிட்டாள்! சாட்சியக்கா எழுந்தே நின்றுவிட்டாள். முதலிலிருந்தாவது ஆரம்பிக்கிறாளே. ஐந்து வருஷம் என்ன, ஓடிவிடும். இவளால் முடியும். முடிந்ததைப் பார்த்தவள் நான்.

பத்தே நிமிஷத்தில் பச்சை வெளியே வந்தாள். பத்து நிமிஷத்தில் ஏழு வாக்கியமும் முடியாது. அது சாட்சியக்காவை விட வேறு யாருக்குத் தெரியும்? பச்சை சாலையைக் கடந்து நிறுத்தத்துக்கு வந்தாள். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு வேறு நிறுத்தம் கிடையாது. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாம்பிள் குடுக்கலையா?" சாட்சியக்காதான் கேட்டாள்.

"எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். வேண்டாம்னு." பச்சையின் குரல் சாதாரணமாக இருந்தது. "எனக்கு நாப்பத்தெட்டு. முடிக்கும்போது அம்பத்து மூணு. அந்த வயசுல எந்த தியேட்டர்ல என்னைச் சேத்துப்பாங்க? ஃபைல் அடுக்கறதுக்கு லைசென்ஸ் எதுக்கு?"

"என்னாலதான். என்னை மன்னிச்சிடுங்க. உங்களைக் காப்பாத்தலாம்னுதான்..."

"நீங்க வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்," என்றாள் பச்சை. "அந்த ரூம்லயும், குழு முன்னாடியும். ரெண்டு தடவையும்."

ஒரு பஸ் வந்தது. அது வேறு பஸ். நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று.

"பொண்ணு கிட்ட இன்னும் சொல்லலை," என்றாள் பச்சை. "இன்னிக்கும் அலாரம் வெச்சா. பச்சைன்னதும் எனக்குப் பாட்டில்ல தண்ணி பிடிக்க ஓடினா. நான்தான் வேண்டாம்னேன்." பிறகு, யாரிடமோ பேசுவது போல, அந்தக் கண்ணாடியிடம் பேசுவாளே அதுபோல, சொன்னாள். "லைசென்ஸ் போனது போகட்டும். நாலு வருஷம் பத்து மாசம் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? நாளைக்குப் பச்சை வரும், யாரோ பாப்பாங்க, அப்படின்னுதான் ஒவ்வொரு ராத்திரியும் படுத்தேன். யாரும் பாக்கலைன்னா நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது."

அந்த முதல் நாள் தொடை சாட்சியக்காவின் கண் முன்னால் வந்தது. நகர்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான் வரேன். உங்க வீட்டுக்கே வரேன். தினமும் வரேன், எத்தனை வருஷம் வேணாலும். நான் பாத்துக்கறேன்."

பச்சை அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"நீங்க கூரையைத்தான் பாப்பீங்க அக்கா."

பஸ் வந்தது. பச்சை ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தது, ஆனால் அவள் அந்தப் பக்கம் உட்காரவில்லை.

சாட்சியக்கா இப்போதும் காலை ஆறு மணிக்குப் போன் போடுகிறாள். வீட்டுக்காரர் அதைப் பற்றி யாரிடமும் தமாஷ் பண்ணுவதில்லை. பச்சை என்று குரல் சொல்கிற நாட்களில் அவள் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொள்கிறாள். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து அதைக் கழற்றுகிறாள். பச்சையின் வீடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பெயரும் தெரியாது.